சிறு தொழிற்கூடங்களில் வீண் ஒழிப்பு

கிராமத் தொழிற்கூடங்கள் முன்னேறாமைக்கு முதலின்மையே காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. இக்கூற்றில் உண்மை உண்டு. எனினும், கடனாகப் பெற்ற முதல் கூடத்திற்குள்ளேயே எவ்வாறு முடங்குகிறது என்பதையும் நாம் ஆராய்தல் வேண்டும். பாதி தைத்த சட்டைகளாகவும் மூலையில் அடுக்கிய துணிகளாகவும் பணம் உறங்குகிறது, வட்டியோ உறங்குவதில்லை.

முறையின் தோற்றம்

ஜப்பானில் சகிச்சி டொயோடா என்பார் 1924-ஆம் ஆண்டில் உருவாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தவுடன் தானே நின்றுவிடும். பழுது தோன்றிய இடத்திலேயே வேலையை நிறுத்திச் சீர்செய்தல் என்னும் கொள்கைக்கு இதுவே வித்து. இரண்டாம் உலகப் போருக்குப் பின், முதல் குறைந்திருந்த காலத்தில், டொயோட்டா மோட்டார் நிறுவனத்தின் தாய்ச்சி ஓனோ, தேவையான பொருளைத் தேவையான நேரத்தில் தேவையான அளவே செய்தல் என்னும் கொள்கைக்குச் செயல்வடிவம் தந்தார். இம்முறைக்கு 1988-இல் ஜான் கிராஃப்சிக் என்னும் ஆய்வாளர் 'லீன்' என்று பெயரிட்டார். பற்றாக்குறையில் வளர்ந்த முறையாதலின், நம் சிறு கூடங்களுக்கும் இது பொருந்தும்.

வீண் எழுவகைப்படும் என்பது ஓனோவின் பகுப்பு: மிகையான உற்பத்தி, காத்திருத்தல், வீணான போக்குவரத்து, வேண்டாத வேலை, மிகையான இருப்பு, வேண்டாத உடலசைவு, பழுதான பொருள். இவற்றுள் மிகையான உற்பத்தியே ஏனையவற்றை மறைத்து வளர்ப்பது என்று அவர் கருதினார்.

ஓர் எடுத்துக்காட்டு

நம் மாநிலத்தில் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் பள்ளிச் சீருடை தைத்து வருதலை நாம் அறிவோம். அத்தகைய கூடம் ஒன்றில் உடல் தைத்தல், கழுத்துப்பட்டி பொருத்தல், காஜா எடுத்துப் பொத்தான் வைத்தல், இஸ்திரி போட்டு மடித்தல் என நான்கு வேலைகளை நால்வர் செய்வதாகக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம்.

நாற்பது சட்டைகளை ஒரே கட்டாக ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு அனுப்பினால், முதற்சட்டை 605-ஆம் நிமிடத்திலும் இறுதிச் சட்டை 800-ஆம் நிமிடத்திலும் முடியும். ஒவ்வொன்றாகக் கைமாற்றினாலோ, முதற்சட்டை 20-ஆம் நிமிடத்திலும் நாற்பதாவது 215-ஆம் நிமிடத்திலும் முடிந்துவிடும். எவரும் விரைந்து தைக்கவில்லை. காத்திருத்தல் மட்டுமே குறைந்தது.

பழுதிலும் இவ்வேறுபாடு உண்டு. கழுத்துப்பட்டி கோணலாகப் பொருத்தப்பட்டு, அது இஸ்திரி மேசையில்தான் தெரிகிறது என்போம். முன்னைய முறையில் அதற்குள் நாற்பதும் கெட்டிருக்கும். பின்னைய முறையில் இரண்டு மூன்றோடு நின்றுவிடும்.

நடைமுறையில் எல்லா வேலைக்கும் நேரம் ஒன்றாயிராது. கழுத்துப்பட்டி பொருத்த 8 நிமிடம் ஆகுமாயின், அவ்வுறுப்பினர் முன் சட்டைகள் குவியும். இதனை அவருடைய மந்தம் என எண்ணுதல் தவறு. பங்கீட்டின் குறையே அது. வேலை குறைந்தவர் ஒருவர் அதில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டால் குவியல் கரையும்.

உறுப்பினரின் ஐயம்

"நேரத்தை மிச்சப்படுத்தினால் நம்மில் ஒருவருக்கு வேலை போகுமோ?" என்னும் ஐயம் இயல்பானது. மிச்சமான நேரத்தைப் புதிய ஆணைகளுக்குப் பயன்படுத்துவதென்று கூட்டத்தில் முன்னரே தீர்மானித்தல் நலம். ஒருவரை வெளியேற்றிவிட்டால், அதன்பின் எவரும் வீணைச் சுட்டிக்காட்ட முன்வாரார். பழுதைச் சொன்னவரைக் கடிந்துகொண்டாலும் இதே விளைவுதான்.

இப்பணிக்கு அரசின் துணையும் அமைந்தது. மைய அரசு 2023 மார்ச்சுத் திங்களில் சிறு தொழில்களுக்கான லீன் போட்டித்திறன் திட்டத்தைத் தொடங்கியபோது, உத்யம் பதிவு பெற்ற கூடங்களுக்கு ஆலோசனைச் செலவில் 90 விழுக்காட்டை அரசே ஏற்கும் என அறிவித்தது.

தொடங்கும் வழி

முதற்படிக்குச் செலவே வேண்டுவதில்லை. வெட்டிய துணி ஒன்றில் அடையாளச் சீட்டைக் குத்தி, அது ஒவ்வொரு கைக்கும் வந்த நேரத்தையும் நீங்கிய நேரத்தையும் குறித்து வருக. மடித்த சட்டையாக அது வெளிவரும்போது, தைத்த நேரம் எவ்வளவு, கிடந்த நேரம் எவ்வளவு என்பதை அச்சீட்டே காட்டும். அதனை உறுப்பினர் கூட்டத்தில் படித்து, மிகுதியாகக் கிடந்த ஓரிடத்தை மட்டும் அந்த மாதத்தில் திருத்த முயல்வோமாக. அடுத்த மாதம் மற்றோரிடம். இவ்வாறு படிப்படியாகச் செய்வோமாயின், புதுக்கடன் கோருமுன் பழைய முதலே நம் கைக்குத் திரும்பக் காண்போம்.