'தொடுப்பு' என்னும் வட்டாரச் சொல்லும் ஆய்வுரைநடையில் அதன் மாற்றுச்சொற்களும்

தென்காசி வட்டாரப் பேச்சில் மணத்துக்குப் புறம்பான ஆண்பெண் உறவைத் 'தொடுப்பு' என்பர். களப்பதிவில் உள்ள இச்சொல், ஆய்வேட்டில் கொச்சையெனக் கருதப்பட்டுக் 'களவு', 'கூடாவொழுக்கம்', 'பிறன்மனை நயத்தல்' என்பவற்றுள் ஒன்றாக மாறிவிடுவதுண்டு. நடை உயர்கிறது, பொருள் திரிகிறது.

'களவு' இவற்றுள் பெரும்பிழை. தொல்காப்பியர் கூறும் களவு மணத்துக்கு முந்தையது. கற்பை நோக்கிச் செல்வது. நாளிதழ்களின் 'கள்ளக்காதல்' என்பதற்கு அதனை ஈடாக்கினால் குறிஞ்சித் தலைவியும் குற்றவாளியாவாள்! 'கூடாவொழுக்கம்' திருக்குறளின் 28ஆம் அதிகாரம். அது கடிவது போலித் துறவை.

'பிறன்மனை நயத்தல்' சற்று விரிவாக நோக்கத்தக்கது. 'பிறனில் விழையாமை' அதிகாரம் ஆணை நோக்கியது. மணமான ஆண் மணமாகாத பெண்ணோடு கொள்ளும் உறவு அத்தொடரில் அடங்காது. பெண்ணின் விருப்பத்துக்கும் அதில் இடமில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவும் இவ்வாறே அமைந்திருந்தது. பிறர் மனைவியோடு கூடிய ஆணே தண்டனைக்குரியவன். கணவன் இசைந்திருப்பின் குற்றமில்லை. மனைவியை உடைமையாகக் கொண்ட அப்பிரிவை உச்சநீதிமன்றம் 27.09.2018 அன்று செல்லாததாக்கியது. சட்டம் இறக்கிவைத்த சுமையை ஆய்வாளர் தம் சொல்லில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

'திருமணம் கடந்த உறவு' பழி சுமத்தாத தொடர். எனவே ஆய்வாளர் தம் கூற்றில் அதனை ஆளலாம். தகவலாளர் கூற்றில் ஆளலாகாது. ஒருவர் 'வைப்பாட்டி' என்று சொன்னதை அவ்வாறு மாற்றினால் வசை மறைந்துவிடும். வைத்திருப்பவனுக்கு அச்சொல்லின் வேரிலிருந்து வசைப்பெயர் பிறக்கவில்லை என்னும் செய்தியும் உடன் மறையும்.

சொல்லே வாராத இடமும் உண்டு. திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில், நெடுநாள் பிரிந்திருந்த சிங்கியைக் கண்ட சிங்கன் அவள் மேனியில் புதிய அணிகலன்களைக் காண்கிறான். தோன்றியதைச் சொல்ல அச்சமாயிருக்கிறது என்கிறான். அஞ்சாமல் சொல் என்கிறாள் அவள். அவனோ ஒவ்வோர் அணியாகச் சுட்டி 'இது என்ன' என்று மட்டுமே கேட்கிறான். குறிசொல்லிப் பெற்றவை என விடை வருகிறது. இவ்வுரையாடலைச் 'சிங்கன் அவள் கற்பை ஐயுற்றான்' எனச் சுருக்குவோர், அவன் வாய்விடாத குற்றச்சாட்டைத் தாமே எழுதிவிடுகின்றனர். அவன் சிலம்பைப் பற்றிக் கேட்டான் என்று எழுதுவதே அவ்விடத்துக்குப் பொருந்தும்.