சாஃப்ட்வேர் செய்யக் கொடுக்கிறீங்களா? விலை கேட்கும் முன் அளவை எண்ணுங்க

தாம்பரத்தில் மருந்துக்கடை வச்சிருக்கீங்க, குரோம்பேட்டையில் ரெண்டாவது கிளை திறக்கப் போறீங்கன்னு வச்சுக்கோங்க. பில்லிங், ஸ்டாக் எல்லாத்துக்கும் சொந்தமா ஒரு சாஃப்ட்வேர் வேணும்னு மூணு பேர்கிட்ட கொட்டேஷன் கேட்டால், ஒருத்தர் 3 லட்சம், இன்னொருத்தர் 5, மூணாவது ஆள் 9 லட்சம் என்கிறார். யார் ஏமாத்துறாங்க? பெரும்பாலும் யாருமே இல்லை. மூணு பேரும் மனசுல வேற வேற சாஃப்ட்வேரை நினைச்சு விலை சொல்றாங்க, அவ்வளவுதான்.

வீடு கட்ட, சதுர அடி எவ்வளவுன்னு கேட்டுட்டுத்தான் மேஸ்திரி ரேட் பேசுவார். சாஃப்ட்வேருக்கும் அப்படி ஒரு அளவு இருக்கு: ஃபங்ஷன் பாயிண்ட். ஐபிஎம்-ல் இருந்த ஆலன் ஆல்பிரெக்ட் 1979-ல் முன்வைத்தது. எத்தனை வரி கோடு என்று பார்ப்பதில்லை. பயன்படுத்துறவருக்கு என்ன கிடைக்குதுன்னு எண்ணுவாங்க. நடுத்தரமான வேலைக்கு மதிப்பு இப்படி: கொள்முதல், விற்பனை, ரிட்டர்ன் மாதிரி உள்ளே போடும் ஒவ்வொரு பதிவுக்கும் 4. வெளியே வரும் பில், ரிப்போர்ட்டுக்கு 5. தேடிப் பார்க்கும் வசதிக்கு 4. மருந்துப் பட்டியல், சப்ளையர் பட்டியல் போல உள்ளே சேமிக்கும் ஒவ்வொரு தொகுப்புக்கும் 10. வேறு சிஸ்டத்தில் இருக்கும் தொகுப்பை எடுத்துப் பயன்படுத்தினால் 7.

உங்க கடைக்கு 8 பதிவு, 6 ரிப்போர்ட், 4 தேடல், 5 உள் தொகுப்பு, 2 வெளித் தொகுப்பு என்றால் 32+30+16+50+14 = 142 பாயிண்ட். மெப்ஸ் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் மச்சான் யாராவது இருந்தா, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணிடலாம். ஒரு பாயிண்டுக்கு 8 மணி நேரம், மணிக்கு 500 ரூபாய்னு வைப்போம். இது கணக்குக்காக நான் வச்ச எண், உங்க வெண்டரோட எண்ணைக் கேட்டு வாங்குங்க. 1,136 மணி நேரம், 5,68,000 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 6,70,240. நீங்க காம்போசிஷன் ஸ்கீமில் இருந்தால் அந்த 1,02,240-ஐ இன்புட் கிரெடிட்டா எடுக்க முடியாது, முழுக்கக் கைக்காசு.

இப்போ 3 லட்சம் சொன்னவர்கிட்ட இந்தப் பட்டியலை நீட்டுங்க. கிளைக்குக் கிளை ஸ்டாக் மாத்துறது அவர் கணக்கிலேயே இருக்காது. நாலாவது மாசம் அது 'எக்ஸ்ட்ரா'வா வரும்.

கோடு எழுதுற செலவோட கதை முடியாது. நாம ரிட்டர்ன் போடுற வருமான வரி போர்ட்டலையே எடுத்துக்கோங்க. 2019 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தொகை எட்டரை வருஷத்துக்குச் சுமார் 4,242 கோடி ரூபாய். அதில் சேவை நிறுவனத்துக்கான தொகை மட்டுமில்லை. ஜிஎஸ்டி, வாடகை, திட்ட மேலாண்மை, ஏன் தபால் செலவுகூட அடக்கம். அப்படிப் போட்டும் 2021 ஜூன் 7-ல் திறந்தப்போ பட்ட பாடு எங்க ஆடிட்டர் கூட்டத்துக்குத்தான் தெரியும்!

உங்களுக்கும் சர்வர் வாடகை, பேக்கப், எஸ்எம்எஸ், ஆட்களுக்குப் பயிற்சி எல்லாம் வரும். 2025 செப்டம்பர் 22-ல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12%-லிருந்து 5% ஆச்சு. ராத்திரியோட ராத்திரியா மாத்த வேண்டிய அந்த வேலைக்கு யார் காசு கொடுக்கிறது? பராமரிப்பு ஒப்பந்தத்தில் சேர்த்தியா, தனி பில்லா? கையெழுத்துக்கு முன்னாடியே எழுதி வாங்குங்க.

நகையை அடகு வைக்கிற யோசனை இருந்தால் கொஞ்சம் பொறுங்க. கடைகளில் ரெடிமேடா கிடைக்கும் மருந்துக்கடை சாஃப்ட்வேரை டெமோ போட்டுக் காட்டச் சொல்லி, உங்க பட்டியலில் அதில் ஏற்கெனவே இருப்பதை எல்லாம் டிக் அடிங்க. மிச்சத்துக்கு மட்டும் கொட்டேஷன் கேளுங்க.