ஆண்டைத் திரும்பிப் பார்க்கும் அறம்



மகாவீரர் வீடுபேறு எய்திய கி.மு. 527-ஐத் தொடக்கமாகக் கொண்டு எண்ணப்படுவது வீர நிர்வாண ஆண்டு. தீபாவளிக்கு மறுநாள் அது பிறக்கின்றது. அதற்கு ஏறத்தாழ ஒன்றரைத் திங்களுக்கு முன், பாத்ரபத வளர்பிறை ஐந்தாம் நாள் தொடங்கிப் பதினான்காம் நாள் வரை, நாம் தசலட்சண பர்வம் கொண்டாடுகின்றோம். அதன் நிறைவில் மன்னிப்பு வேண்டும் நாள் வருகின்றது. புதுக்கணக்கு எழுதுமுன் பழைய கணக்கைத் தீர்க்க வேண்டும் என்பதற்கு இவ்வரிசையே ஒரு பாடமாக அமைந்துள்ளது. அப்பாடத்தை இல்லறத்தார் எவ்வாறு பயிலலாம் என்பதை இவ்விதழில் ஆராய்வோம்.

பிரதிக்கிரமணம் என்பதன் பொருள்

சாமாயிகம், இருபத்துநால்வர் துதி, வந்தனை, பிரதிக்கிரமணம், பிரத்தியாக்கியானம், காயோத்சர்க்கம் என ஆவசியகங்கள் ஆறு. இவற்றுள் பிரதிக்கிரமணம் என்ற சொல்லுக்கு, வழி தவறிச் சென்றவிடத்திலிருந்து திரும்பி வருதல் என்பது பொருள். நாள்தோறும் செய்வது, பட்சத்துக்கு ஒருமுறை செய்வது, நான்கு மாதத்துக்கு ஒருமுறை செய்வது, ஆண்டுக்கு ஒருமுறை செய்வது என அது பலவகைப்படும். அதனை அடுத்து வைக்கப்பட்டுள்ள பிரத்தியாக்கியானம், இனிச் செய்யேன் என்று உறுதி பூணுதல். ஆகவே, கடந்ததை எண்ணி வருந்துவதோடு ஆண்டாய்வு முடிந்துவிடாது. வருத்தம் உறுதியாக மாறினால்தான் அது நிறைவுபெறும்.

காரணத்தைச் சரியாகக் காணல்

நம் சிதம்பரத்திற்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரம் இன்றும் பிச்சாவரம் சதுப்புக்காட்டில் வளர்கின்றது. அக்காட்டில் ஒரு பெரும்பகுதி மரமின்றி வெறுநிலமாகக் கிடந்தது. சுற்றுப்புற மக்கள் விறகு வெட்டுவதும் மாடு மேய்ப்பதுமே அதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் நிலத்தை ஆராய்ந்தபோது வேறு உண்மை வெளிப்பட்டது. முற்காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாக அடியோடு வெட்டி எடுத்ததால், வெயில் பட்டு நிலம் தாழ்ந்து குழியாயிற்று. அதில் புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி வற்றியது. உப்பு மிகுந்தது. மரக்கன்று முளைக்கவில்லை.

காரணம் தெரிந்தபின் மருந்தும் தெரிந்தது. மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, ஓதநீர் வந்துபோக வழி செய்தனர். வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து கன்றுகள் நட்டனர். காடு மீண்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, சதுப்புக்காட்டின் பின்புறமிருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. கடலிலிருந்து தொலைவும் நிலத்தின் உயரமும் அதற்குக் காரணங்களே. ஆயினும் காடும் ஓர் அரணாக நின்றது.

இதிலிருந்து நாம் கற்பன இரண்டு. அருகிலிருப்பவர் மீது பழியைப் போடுவது எளிது; அதனால் நிலம் திருந்துவதில்லை. அடுத்து, அரணை அலை வரும் நாளில் நட முடியாது. அமைதியான ஆண்டுகளிலேயே நட வேண்டும். மனத்திண்மையும் அத்தகையதே.

நான்கு வினாக்கள்

நம் சமயம் கூறும் ஒன்பது பொருள்களுள் ஊற்று, கட்டு, செறிப்பு, உதிர்ப்பு என்னும் நான்கினை வினாக்களாக்கிக்கொண்டால் ஆண்டாய்வு எளிதாகும்.

ஊற்று: சென்ற ஆண்டு எந்த வாயில் வழியாக வினை உள்ளே புகுந்தது? சினமா, செருக்கா, வஞ்சனையா, பேராசையா?

கட்டு: புகுந்தவற்றுள் எது இன்னும் நம்மைப் பற்றிக்கொண்டுள்ளது?

செறிப்பு: அவ்வாயிலை அடைக்க நாம் செய்யக்கூடிய ஒன்று யாது?

உதிர்ப்பு: முன்னரே சேர்ந்ததைக் கழிக்க எந்த நோன்பை, எந்த ஈகையை, எந்தப் பொறுமையை மேற்கொள்வோம்?

ஆறு மாதக் கணக்கு

சினத்தின் அளவைக் கல்லில் எழுதிய கோடு, மண்ணில் எழுதிய கோடு, புழுதியில் எழுதிய கோடு, நீரில் எழுதிய கோடு என நான்காகப் பகுத்துள்ளது நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி இயற்றிய கோம்மடசாரம். அந்நூல் கால அளவும் கூறுகின்றது. நீர்க்கோடு போன்ற சினத்தின் பதிவு ஒரு முகூர்த்தத்துக்குள் மறையும். அடுத்தது ஒரு பட்சம் நிற்கும். அதற்கடுத்தது ஆறு மாதம் நிற்கும். அதற்கு மேலும் மாறாது நிற்பது கற்கோடு. அதுவே அனந்தானுபந்தி எனப்படுவது. அது நற்காட்சியையே தடுக்கும். மும்மணிகளுள் முதல் மணியே இல்லையெனில், செய்யும் பூசைக்கும் இருக்கும் நோன்புக்கும் பயன் என்னாகும்?

நம் இல்லங்களில் நிகழ்வதை எண்ணிப் பார்ப்போம். பொதுக்கிணற்றின் முறைநீர் பற்றி அண்ணனும் தம்பியும் ஒருநாள் சொல் தடிக்கின்றனர். பேச்சு நிற்கின்றது. ஆண்டுகள் செல்கின்றன. மகள் திருமண அழைப்பிதழில் சித்தப்பாவின் பெயர் விடுபடுகின்றது. இருவரும் ஒரே ஜினாலயத்தில் வெவ்வேறு நேரத்தில் வணங்கிச் செல்கின்றனர். மன்னிப்பு நாளன்று சென்னைக்கும் மும்பைக்கும் வாழ்த்து அனுப்புகின்ற நாம், அடுத்த தெருவிலுள்ள அந்த ஒருவருக்கு மட்டும் அனுப்புவதில்லை. நம்மோடு பிணக்கில்லாத நூறு பேரிடம் மன்னிப்புக் கேட்பது மரியாதையே. பிணக்குள்ள ஒருவரிடம் கேட்பதே பிரதிக்கிரமணம். "அண்ணா, நம் பேச்சு நின்றுபோனது நம் பிள்ளைகளுக்கு நல்லதன்று, நான் சொன்னதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்ற இரண்டு வாக்கியங்கள் போதும். கிணற்று வழக்கைப் பின்னர் ஊர்ப்பெரியவர் துணையோடு பேசிக்கொள்ளலாம்.

நம் கையில் உள்ளதும் இல்லாததும்

ஆண்டில் நேர்ந்த துன்பம் யாவும் அவ்வாண்டில் நாம் செய்த பிழையின் விளைவு என்று எண்ணிக் குமைவதும் தவறு. 2011 டிசம்பர் 30 அன்று கரைகடந்த தானே புயல், பண்ணுருட்டி வட்டாரத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015-இல் பெருமழையும், 2024 நவம்பர் 30 அன்று கரைகடந்த ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளமும் கடலூர் மாவட்டத்தை வருத்தின. புயலைத் தடுப்பது உழவர் கையில் இல்லை. காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் எனத் தெரிந்தும் மீண்டும் கன்று நட்டார்களே, அது அவர்கள் கையில் இருந்தது.

துறவியர் தாங்க வேண்டிய இடர்களைப் பரீஷகம் என 22 ஆக வகுத்துள்ளனர். நெறியினின்று வழுவாதிருத்தற்கும் வினை உதிர்தற்கும் அவற்றைப் பொறுத்தல் வேண்டும் என்பது ஆன்றோர் கருத்து. பசி, வெயில், குளிர் ஆகியவற்றோடு பிறர் கூறும் கடுஞ்சொல்லும், பாராட்டுப் பெறும்போது தோன்றும் செருக்கும் அப்பட்டியலில் உள்ளன. புகழையும் இடராகக் கண்டு அதனைத் தாங்கப் பழக வேண்டும் என்பது நம் முன்னோரின் நுட்பம்.

எழுதி வைத்தல்

கெடிலக் கரையிலுள்ள திருப்பாதிரிப்புலியூர் முற்காலத்தில் பாடலிபுரம் எனப்பட்ட சமணப் பெரும்பள்ளி இருந்த ஊர். சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், சர்வநந்தி முனிவர் அங்கு லோகவிபாகம் என்னும் நூலை எழுதினார். காஞ்சி வேந்தன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டு என்ற குறிப்பும் அந்நூலோடு வந்துள்ளது. பிராகிருத மூலம் மறைந்தது. வடமொழி வடிவம் நின்றது. அந்த ஆண்டுக்குறிப்பே பல்லவர் காலத்தைக் கணிக்கப் பின்வந்தோர்க்குத் துணையாயிற்று. எழுதியது நிற்கும், எண்ணியது மறையும்.

எவ்வாறு எழுதுவது? ஆசிரியப் பயிற்சியில், வகுப்பு முடிந்தபின் மாணவ ஆசிரியர்களைப் பாடக்குறிப்பின் அடியில் தம் மதிப்பீட்டை எழுதச் சொல்வோம். "பாடம் நன்றாக அமையவில்லை" என்று எழுதினால் ஏற்பதில்லை. எந்த வினாவில் பிள்ளைகள் மௌனமாயினர் என்று எழுத வேண்டும். அப்போதுதான் மறுநாள் திருத்த முடியும். "இவ்வாண்டு மிகுதியாகச் சினந்தேன்" என்பதினும், "மாலையில் களைத்து வந்தபோதெல்லாம் மருமகளிடம் சினந்தேன்" என்பது பயன் தரும் குறிப்பு.

இல்லப் பயிற்சி

1. தசலட்சணத்தின் பத்து நாளும் நாளுக்கு ஒரு பக்கமாக, பொறுமை முதல் பிரமசரியம் ஈறாக அந்தந்த அறத்தை வைத்துச் சென்ற ஆண்டைப் பார்த்து எழுதுக.

2. நன்மைகளையும் எழுதுக. ஆண்டில் உதவியவர் மூவரின் பெயரைக் குறித்து, அவர்களிடம் நேரில் நன்றி கூறுக.

3. ஆறு மாதத்தைக் கடந்த பிணக்கு எதுவெனக் காண்க. மன்னிப்பு நாளில் முதலில் செல்ல வேண்டியது அந்த வீட்டுக்கே.

4. தீபாவளியன்று ஒரே ஓர் உறுதி பூணுக. பலவற்றை ஏற்று எதையும் காவாமை நன்றன்று.

5. பிள்ளைகளின் குறைகளைப் பெற்றோர் எழுத வேண்டா. பெற்றோர் தம் பக்கத்தை எழுதுவதைப் பிள்ளைகள் காணட்டும். அதுவே அவர்களுக்குப் பாடம்.

அடுத்த ஆண்டு அதே ஏட்டை எடுத்து, இவ்வாண்டின் பக்கத்தோடு ஒப்பிடுக. கற்கோடு மண்கோடாகவும், மண்கோடு புழுதிக்கோடாகவும் மாறியிருக்குமாயின், அதுவே நம் வளர்ச்சி.

அறம் வளர்க, அனைத்துயிரும் நலம் பெறுக.