கஞ்சி நீர்க்க வேண்டாம்: குழந்தையின் முதல் முழுத்தானிய உணவு

குழந்தைக்கு 7 மாதமாகியும் எடை கூடவில்லையே என்ற கவலையுடன் வரும் தாய்மார்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, "கஞ்சியை எதில் கொடுக்கிறீர்கள்?" என்பதுதான். "பால் புட்டியில்" என்ற விடை அடிக்கடி வருகிறது. புட்டியின் காம்பு வழியே இறங்க வேண்டுமானால் கஞ்சி தண்ணீர்போல இருக்க வேண்டும். குழந்தை வயிறு நிறையக் குடிக்கிறது; ஆனால் உடலுக்கு வேண்டிய ஊட்டம் கிடைப்பதில்லை. குறை கேழ்வரகில் இல்லை. அதைக் கரைக்கும் அளவில் இருக்கிறது.

எப்போது தொடங்குவது?

முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். அதன் பின்னர் வளரும் உடலின் தேவைக்குத் தாய்ப்பால் மட்டும் போதாது. பிறக்கும்போது குழந்தையின் உடலில் இருந்த இரும்புச்சத்துச் சேமிப்பும் ஏறக்குறைய அப்போதுதான் குறையத் தொடங்குகிறது. ஆகவே 6 மாதம் நிறைந்ததும் இணை உணவைத் தொடங்க வேண்டும். தாய்ப்பாலை 2 வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குத் தொடங்கும் காலத்தை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஏன் கேழ்வரகு?

கேழ்வரகு மிகச் சிறிய மணி என்பதால் பெரும்பாலும் தவிட்டோடு சேர்த்தே அரைக்கப்படுகிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உள்ளது. அரிசியில் இருப்பது மிகச் சொற்பமே. கேழ்வரகு குளிர்ச்சி, சளி கட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் அஞ்சுவதுண்டு. சளிக்குக் காரணம் கிருமிகளே, தானியம் அன்று.

கஞ்சியின் கணக்கு

6 முதல் 8 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுடன், உணவிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோகலோரி தேவை. ஒரு தேக்கரண்டி மாவில் இருப்பது சுமார் 10 கிலோகலோரி மட்டுமே. அதை ஒரு தம்ளர் நீரில் கரைத்துக் கொடுத்தால் சின்ன வயிறு நீராலேயே நிரம்பிவிடும். மாறாக, 2 மேசைக்கரண்டி மாவைக் காய்ச்சி, ஒரு தேக்கரண்டி நெய் சேர்த்தால் ஏறக்குறைய 90 கிலோகலோரி கிடைக்கும். கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி ஒழுகாமல் அதிலேயே நிற்க வேண்டும். இதுவே சரியான பதம்.

முளைகட்டுவதன் பயன்

மாவைக் கூட்டினால் கஞ்சி களிபோல இறுகுமே என்று கேட்கலாம். அதற்கு நம் வீடுகளில் பழகிய வழியே விடை. முளைவிடும் தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி உண்டாகிறது. ஆகவே முளைகட்டிய மாவைக் கூடுதலாகச் சேர்த்தாலும் கஞ்சி இறுகாமல் விழுங்க எளிதாக இருக்கும். தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. ஊறவைப்பதாலும் முளைகட்டுவதாலும் அதுவும் குறைகிறது.

செய்முறை

கேழ்வரகைக் கல் நீக்கிப் பலமுறை கழுவி, ஓர் இரவு ஊறவைக்கவும். நீரை வடித்து, தூய ஈரத்துணியில் கட்டி, முளை வரும்வரை ஓரிரு நாள் வைக்கவும். புளித்த வாடையோ பூஞ்சையோ தென்பட்டால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். முளைத்ததை நன்கு உலர்த்தி, கருகாமல் இளஞ்சூட்டில் வறுத்து, அரைத்துச் சலித்து, ஈரம் புகாத டப்பாவில் வைக்கவும். மாவை முதலில் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டு நன்றாக வேகவைக்க வேண்டும்.

படிப்படியாக

முதல் நாள்களில் 2 அல்லது 3 தேக்கரண்டி போதும். கிண்ணத்திலிருந்து கரண்டியால் ஊட்டுங்கள். ஒரு தானியம் பழகி மூன்று நாள் கழிந்த பின் கம்பு, கோதுமை, சிவப்பரிசி என அடுத்ததைத் தொடங்கலாம். 9 மாத அளவில் அரைக் கிண்ணம் வரை கூட்டி, கஞ்சியிலிருந்து குழைந்த சோற்றுக்கு மாற வேண்டும்.

தானியம் மட்டும் போதாது. குழைய வெந்த பருப்பு, மசித்த கீரை, நன்கு வெந்த முட்டை, முள் நீக்கிய மீன் ஆகியவற்றையும் பழக்குங்கள். பருப்புச் சோற்றில் சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். 6 மாதம் முதல் அரசு வழங்கும் இரும்புச்சத்து மருந்தையும் சொன்ன அளவில் தவறாமல் கொடுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது; அது குழந்தைக்கு உயிராபத்தான நரம்பு நோயை உண்டாக்கலாம். உப்பு, சர்க்கரை, கருப்பட்டி ஆகியவற்றையும் சேர்க்க வேண்டாம். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் நிறுத்திவிடுங்கள். வாயைத் திறந்து திணிக்க வேண்டாம். மீந்த கஞ்சியை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள்.

புதிய உணவு கொடுத்த பின் உடலில் தடிப்பு, முகவீக்கம், தொடர்ந்த வாந்தி, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

மாதந்தோறும் குழந்தையை எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் குறிக்கச் செய்யுங்கள். எடைக்கோடு ஏறாமல் நின்றால் அட்டையுடன் எங்களிடம் வாருங்கள். குழந்தைக்கு ஊட்டும் கிண்ணத்தையும் மாவு அளக்கும் கரண்டியையும் எடுத்து வந்தால், கஞ்சியின் கணக்கை உங்களோடு அமர்ந்து பார்த்துச் சொல்வோம்.