கடல்மீன் தொட்டிக்கு உப்புநீர் தயாரித்தல்

கடல்மீன்களை வீட்டில் வளர்க்க விரும்புவோர் முதற்கண் அறிய வேண்டுவது, சமையலுப்பைக் கரைத்த நீர் கடல்நீராகாது என்பதே. ஒரு கிலோகிராம் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. அவற்றுள் பெரும்பகுதி சோடியம் குளோரைடே ஆயினும், மக்னீஷியம், கால்ஷியம், பொட்டாசியம், சல்பேட்டு, பைகார்பனேட்டு ஆகியவையும் கடல்வாழ் உயிர்களுக்கு இன்றியமையாதவை. திறந்த கடல்களில் முக்கிய உப்புக்களின் விகிதம் ஏறக்குறைய மாறாதிருப்பதை, 'சாலஞ்சர்' கப்பல் திரட்டிய 77 மாதிரிகளைப் பகுத்தாய்ந்து டிட்மார் 1884இல் வெளியிட்டார். எனவே, இவ்விகிதத்தை ஒட்டித் தயாரிக்கப்பெற்ற கடலுப்புக் கலவையையே பயன்படுத்துதல் வேண்டும்.

குழாய்நீரிலுள்ள குளோரின் மீன்களின் செவுள்களைப் புண்படுத்தும். சோடியம் தயோசல்பேட்டு இட்டு அதனை முதலில் நீக்குக. பின்னர், தூய பிளாஸ்டிக் கலத்தில் நீரை நிரப்பி, உப்பைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்குக. உப்பின்மீது நீரை ஊற்றலாகாது; தொடக்கத்தில் செறிவு மிகுந்து, கால்ஷியம் கார்பனேட்டு வீழ்படிவாகக்கூடும். ஒரு நாள் முழுதும் காற்றைச் செலுத்தியபின், தொட்டிநீரின் வெப்பநிலையிலேயே ஹைட்ராமீட்டர் கொண்டு சோதிக்க. ஒப்படர்த்தி 1.025 அளவில் இருத்தல் நன்று.

கடல்மீனின் உடல்நீரைவிடக் கடல்நீர் செறிவு மிக்கது. ஆதலின் மீன் தன் உடல்நீரை ஓயாது இழந்து, கடல்நீரைப் பருகி அதனை ஈடுசெய்கிறது. நீரின் செறிவு திடீரென மாறினால் இச்சமநிலை குலைந்து மீன் மாளவும் கூடும். இதனாலேயே, மீன்கள் வாழும் தொட்டியில் உப்பை நேரே இடுதல் தவறாகும். தொட்டியில் நீர் ஆவியாகிக் குறையும்போது உப்பு எஞ்சிவிடுகிறது. அக்குறையைக் குளோரின் நீக்கிய நன்னீரால் மட்டுமே நிரப்புதல் வேண்டும்.