குழாய் உண்டு, நீர் உண்டா?

ஒரு நகராட்சி செவ்வனே நீர் வழங்குகிறது என்பதை எதைக்கொண்டு அறிவது? இதற்கென அன்றைய மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008-இல் அளவுகோல்கள் வகுத்தது. எல்லா வீட்டுக்கும் இணைப்பு. ஆளொன்றுக்கு நாள்தோறும் 135 லிட்டர். 24 மணி நேரமும் வழங்கல். வருவாய் தராமற் போகும் நீர் நூற்றுக்கு 20-க்கு மேற்படலாகாது. நல்ல எண்கள்தாம். தொல்லை, கணக்கிடும் முறையில் இருக்கிறது.

நம் பொம்மனஹள்ளியைப் பாருங்கள். தனி நகரசபையாயிருந்த இவ்வூர் 2007-இல் பெங்களூர் மாநகராட்சியோடு இணைந்தது. அப்போது உடன் சேர்ந்த 110 கிராமங்களுள் பல பொம்மனஹள்ளி மண்டலத்தில் அடங்கின. அக்கிராமங்களுக்கென அமைத்த காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கியது 2024 அக்டோபரில்தான், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். அதுவரை ஆழ்துளைக் கிணறும் லாரித் தண்ணீருமே பலருக்குக் கதி.

ஒரு கட்டடத்தில் 8 குடித்தனம், குழாய் ஒன்று எனக் கொள்வோம். கட்டடத்தை எண்ணினால் இணைப்பு நூற்றுக்கு 100. தனிக் குழாயுள்ள குடித்தனத்தை எண்ணினால் பன்னிரண்டரை! ஒத்த அளவுள்ள இரு வார்டுகளில் ஒன்றுக்கு 24 மணி நேரமும், மற்றதற்கு 2 மணி நேரமும் நீர் வந்தால் சராசரி 13. பதின்மூன்று மணி நேரம் நீர் பெறும் வீடோ எங்குமில்லை.

ஆகவே சராசரியோடு, மிகக் குறைவாகப் பெறும் வார்டின் எண்ணையும் தனியே வெளியிட வேண்டும். லாரிக்குக் கொடுக்கும் காசையும் சேர்க்கவேண்டும் என்பேன். அதற்கு அளவுகோலில் இடமில்லை; தையல் ஆலைக்குப் புறப்படுமுன் குடத்தோடு காத்திருக்கும் பெண்ணின் நேரத்திற்கும் இல்லை.