உப்புக்காற்றும் காரின் துருவும்

மழைக்காலம் போய்விட்டால் துருப் பயம் இல்லை என்று கடலூர்ப் பக்கம் பலரும் நம்புகிறார்கள். துருவுக்கு மழையே வேண்டியதில்லை. இரும்பு, காற்று, ஈரம் மூன்றும் சேர்ந்தால் போதும். உப்பும் கூடினால் வேகம் பிடித்துவிடும். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் சாயங்காலம் முழுக்க நின்ற காரின் கண்ணாடியை விரலால் தடவினால் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்பில் உப்பு இருக்கிறது. காற்றிலுள்ள ஈரத்தை உப்பு தானே இழுத்துக்கொள்வதால், மழை இல்லாத நாளிலும் தகட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இருந்துகொண்டே இருக்கும்.

“நாங்கள் சிதம்பரம், எங்களுக்குக் கடல் தூரம்” என்பது பாதி சரி. கரையை விட்டு உள்ளே போகப் போகக் காற்றில் வரும் உப்பு வேகமாகக் குறையும். ஆனால் கிள்ளை, பிச்சாவரம், சாமியார்பேட்டை போய்வரும் கார் அடியில் உவர்ச்சேற்றை ஒட்டிக்கொண்டுதான் வீடு திரும்பும். அதைவிடக் கவலை, கழுவும் தண்ணீர். கடலோர ஊர்களில் கடல்நீர் ஏறி உவர்ந்துபோன போர்வெல்கள் உண்டு. அந்தத் தண்ணீரில் தினம் தினம் கழுவினால் கார் பளபளக்கும். தண்ணீர் காய்ந்ததும் உப்பு மட்டும் இடுக்குகளில் தங்கும். வாரம் ஒரு முறை கழுவினால் போதும். கடைசியில் நல்ல தண்ணீரை மேலேயும் அடியிலும் அடித்துவிட்டு, துணியால் துடைத்துவிட வேண்டும்.

நான் மிகவும் அஞ்சுவது பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றித் துரு எடுக்கும் பழக்கத்தைத்தான். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துரு கரைந்து தகடு வெளுத்துவிடுவதால் வேலை முடிந்ததாகத் தோன்றும். ஆனால் அமிலத்தின் குளோரைடு தகட்டு மடிப்புகளிலும் சிறு குழிகளிலும் தங்கிவிடுகிறது. கடல் உப்பு இரும்பை அரிப்பதும் இதே குளோரைடால்தான். துரு எடுக்கிறோம் என்று நினைத்துத் துருவுக்கு விதை போடுகிறோம். அந்த ஆசிட்டின் புகையும் நுரையீரலுக்குக் கேடு. வினிகர், எலுமிச்சை, புளி ஆகியவை மென்மையான அமிலங்கள். கழற்றி ஊறவைக்கக்கூடிய சின்னச் சாமான்களுக்கு அவை சரிப்படும். ஊறியபின் சோடா மாவு கரைத்த நீரில் அலசி உடனே உலர்த்த வேண்டும். கதவுக்கும் மட்கார்டுக்கும் அவை உதவாது.

துருவின்மேல் பெயிண்ட் அடித்தால் மூடிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்கு பெருகுகிறது. பெயிண்ட்டைத் தூக்கிக் கொப்புளமாக்குவது அதுதான். சக்கர வளைவின் ஓரத்தில் மிளகளவு தெரியும் கொப்புளத்தைச் சுரண்டிப் பாருங்கள். துரு பெயிண்ட்டுக்கு அடியிலேயே ஊர்ந்து விரலகலம் பரவியிருக்கும். அது முடியும் இடம்வரை கம்பி பிரஷும் உப்புத்தாளும் போய், தகடு பளிச்சென்று தெரிய வேண்டும். சுற்றியுள்ள பெயிண்ட் விளிம்பு கைக்குத் தட்டாமல் சரிவாக வரவேண்டும். பிறகு தின்னரால் துடைத்து அன்றைக்கே எப்பாக்ஸி பிரைமர். நம் ஊர் ஈரத்தில் வெற்றுத்தகட்டை ஒரு ராத்திரி விட்டாலே செம்மை ஓடிவிடும். பங்குனி, சித்திரையில் காலை வெயில் ஏறியபின், கடற்காற்று எழும்புவதற்குள் நிழலில் வைத்துச் செய்வது நல்லது. மூக்குக்கு மாஸ்க் அவசியம். பெட்ரோல் டேங்க் பக்கம் கிரைண்டரைக் கொண்டுபோகவே கூடாது.

ரஸ்ட் கன்வெர்ட்டர் துருவைத் திரும்ப இரும்பாக்கும் என்கிறார்கள், ஆக்காது. அதிலுள்ள டானிக் அல்லது பாஸ்பாரிக் அமிலம் துருவைக் கருநிறப் படலமாக மாற்றி நிலைப்படுத்தும், அவ்வளவே. உதிராத துரு குழிக்குள் மிச்சமிருக்கும் இடத்துக்குத்தான் அது. அதன்மேலும் பிரைமர் வேண்டும்.

ஐப்பசி பிறக்குமுன் பழைய என்ஜின் ஆயிலை அடியில் பீச்சும் வழக்கமும் உண்டு. ஆயில் பட்டால் ரப்பர் புஷ்கள் ஊதிக் கெடும். பிரேக்கில் பட்டால் ஆபத்து.

அம்பாசிடர் தகடு துருப்பிடிக்காது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். துரு அதையும் தின்றது. தகடு கனம் என்பதால் ஓட்டை விழ நாளானது. இன்றைய கார்களில் பலவற்றுக்குத் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. கல் தெறித்துப் பூச்சு பெயர்ந்த இடம்தான் அவற்றின் பலவீனம்.

2011 தானே புயலும் 2015 வெள்ளமும் கண்ட மாவட்டம் கடலூர். வெள்ளத்தில் நின்ற காரின் கதவுக்குள்ளும் ரன்னிங் போர்டுக்குள்ளும் வண்டல் தங்கிவிடும். வெளியே கழுவினால் அது வராது. கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை வளையும் பிளாஸ்டிக் குச்சியால் குத்தி, தண்ணீர் தெளிவாக வடியும்வரை அலச வேண்டும்.

ரன்னிங் போர்டு, சேஸி, சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம் ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தும்போது பொறபொறவென்று உதிர்ந்தால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு டிங்கரிங் கடைக்குப் போங்கள். துருத்தகட்டை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வெல்டு வைக்கச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும்போது மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் உள்ளே இருப்பது தகடு அல்ல, கனமாக அப்பிய பட்டி.